கண்ணாடிக்கு அப்பால் ஒரு செம்மறி: வாசகர் கேள்வி – பதில்

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், தூய பாவோ பேராலயத்தின் பலிபீட ஓவியத்தைப் பொதுமக்களின் கண்ணெதிரே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வைத்துப் ‘புதுப்பிப்பதாக’ சென்ற இதழின் பதில் ஒன்றில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு பொருள் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். முதலில் ஒரு திருத்தம்: ‘புதுப்பித்தல்’ என்று நான் எழுதியது தவறான சொல். அங்கே எதையும் புதிதாக்கவில்லை. ‘சீரமைப்பு’ என்பதே பொருந்தும். இனி அதையே பயன்படுத்துகிறேன்.

அது அப்படி என்ன ஓவியம்? சீரமைப்பு வேலையை ஊர் பார்க்கும்படி செய்வது வெறும் விளம்பரம்தானே?
— மதுரை வாசகர் ஒருவர்

விளம்பரமும் கொஞ்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஓவியத்தின் வரலாறு தெரிந்தால் காரணம் அது மட்டுமல்ல என்று புரியும்.

ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, 1426-இல் அவர் இறந்த பிறகு தம்பி யான் வான் ஐக் முடித்த படைப்பு அது. 1432-ஆம் ஆண்டு என்பது ஓவியத்தின் மரச்சட்டகத்தில் எழுதிய செய்யுளிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஓக் மரப் பலகைகளில் எண்ணெய் வண்ணம். மொத்தம் பன்னிரண்டு பலகைகள். அவற்றில் எட்டு, கதவுகளைப் போல மடிந்து மூடுபவை என்பதால் இருபுறமும் தீட்டப்பட்டவை. திறந்து வைத்தால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், நான்கரை மீட்டருக்குமேல் அகலம். மேல்வரிசையில் அரியணையில் அமர்ந்த இறைவன், மரியா, திருமுழுக்கு யோவான், பாடியும் இசைக்கருவி மீட்டியும் நிற்கும் வானதூதர்கள், இரு ஓரங்களில் ஆதாமும் ஏவாளும். கீழ்வரிசையின் நடுவில் பசும்புல்வெளி, அதில் ஒரு பலிபீடம், பீடத்தின்மேல் நிற்கும் செம்மறி. அதன் மார்பிலிருந்து குருதி கிண்ணத்தில் பாய்கிறது. பீடத்தின் முன்விரிப்பில், ‘இதோ இறைவனின் செம்மறி, உலகின் பாவங்களைப் போக்குபவர்’ என்ற பொருளில் இலத்தீன் வரி இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்க வாசகர்கள் ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்லும் அதே சொற்கள்.

இந்த ஓவியம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1566-இல் உருவ எதிர்ப்பாளர்கள் ஆலயத்துக்குள் புகுந்தபோது கோபுரத்துக்குள் ஏற்றி ஒளித்தார்கள். 1794-இல் பிரெஞ்சுப் படை நடுப்பலகைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. வாட்டர்லூ போருக்குப் பின்தான் அவை திரும்பின. திரும்பிய மறு ஆண்டே பக்கவாட்டுப் பலகைகளில் ஆறு விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் பெர்லினை அடைந்தன. இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் காட்டவேண்டும் என்பதற்காக அங்கே அவற்றை நெடுக அறுத்து இரண்டாக்கினார்கள். முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தில் அவை திரும்பி வந்தன. இரண்டாம் உலகப்போரின் முடிவில், அதற்கு முன்பே திருடுபோயிருந்த ஒரு பலகை நீங்கலாக, மொத்த ஓவியமும் ஆஸ்திரியாவில் ஆல்ட்டௌஸே என்ற இடத்தில், ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் கண்டெடுக்கப்பட்டது.

இத்தனை முறை இழந்து மீட்ட பொருளை மறுபடியும் மூட்டைகட்டி எங்கோ ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு, பல ஆண்டுகள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று அவ்வூர் மக்களிடம் சொல்ல முடியுமா? ஆகவே 2012 அக்டோபரில் வேலை தொடங்கியபோது, ஒரு பகுதிப் பலகைகளை மட்டும் அதே நகரின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் வேலையை ஆரம்பித்தார்கள். மற்றவை ஆலயத்திலேயே இருந்தன. வேலையைச் செய்வது பெல்ஜியத்தின் அரசு கலைப் பாரம்பரிய நிறுவனம்.

நீங்கள் நேரில் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே போய் நின்றால் உண்மையில் என்ன தெரியும்?
— காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை

மிகக் குறைவாகவே தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போகிறவர்களில் பாதிப்பேர் ஏமாற்றத்தோடுதான் திரும்புகிறார்கள் என்று தோன்றுகிறது.

நான் போனது 2018-இல், மழை பெய்த ஒரு வாரநாள் முற்பகல். கண்ணாடிக்கு அப்பால் பலகைகள் நின்றன. ஒன்றின் முன்னால் ஒரு பெண் முக்காலியில் அமர்ந்து, நீண்ட கையொன்றின் முனையில் தொங்கிய நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார். முதுகுதான் நமக்கு, முகம் இல்லை. வலக்கையில் அறுவை மருத்துவர் பிடிக்கும் மெல்லிய கத்தி. அந்தக் கை அசைகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கே எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. கத்தியின் முனை எதையோ சுரண்டுகிறது, நின்றுவிடுகிறது, இடக்கை ஒரு குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சை எடுத்து, ஒரு குப்பியில் தோய்த்து, அதே இடத்தில் மெல்ல உருட்டுகிறது. பஞ்சு பழுப்பாகிறது. அதைப் போட்டுவிட்டு அடுத்த குச்சி. அரை மணி நேரம் நின்றிருப்பேன். அந்த அரை மணியில் வேலை நகர்ந்த இடம் என் கட்டைவிரல் நகத்தளவுகூட இராது.

என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், “அவங்க தூங்கிட்டாங்களா?” என்ற தோரணையில் தந்தையின் கையை இழுத்தான், மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. அவனைக் குறைசொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த மந்தகதியே கண்டதில் பெரிதாகப் பட்டது. ஒரு கணம் கை நடுங்கினால், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒற்றை மயிர்த் தூரிகையால் போட்ட கோடு பஞ்சோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர எவராலும் ஆகாது என்பதை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உணர்ந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் நான் உணர்ந்ததில்லை.

மேலே வேறு யாரோ தீட்டியிருந்ததை இத்தனை நூற்றாண்டுகளாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்கிறார்களே, நம்பும்படியாகவா இருக்கிறது?
— சேலம் வாசகர்

நம்பத்தான் வேண்டும், காரணமும் இருக்கிறது.

முதலில் அவர்கள் போட்ட திட்டம் எளிமையானது: மஞ்சளித்துப்போன வார்னிஷ் படலங்களை நீக்குவது, எழும்பி நிற்கும் வண்ணச் செதில்களை ஒட்டுவது, ஐந்தாண்டில் முடிப்பது. வார்னிஷ் என்பது வண்ணத்துக்கு மேலே காப்பாகவும் பளபளப்புக்காகவும் பூசும் ஒளிபுகும் பூச்சு. ஆண்டுகள் ஆக ஆக மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறமாகிவிடும். 1950-51-இல் நடந்த சீரமைப்பில் பூசியது உட்பட, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படலங்கள் இருந்தன. அவற்றை நீக்கிய பிறகுதான், கீழே தெரிந்த வண்ணமே வான் ஐக்குடையதன்று என்ற ஐயம் உறுதியாயிற்று. மூடிய நிலையில் தெரியும் வெளிப்பக்கங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு பரப்பில் பின்னாள் கைகளின் மேற்பூச்சு இருந்தது.

ஏன் தெரியவில்லை என்றால், அந்த மேற்பூச்சு ஒட்டுப்போட்டாற்போன்ற வேலையன்று. ஆடையின் மடிப்புகளை அப்படியே பின்பற்றி, நிழலுக்கு நிழல், ஒளிக்கு ஒளி வைத்துத் தீட்டியிருந்தார்கள். அதுவும் நூற்றாண்டுகள் பழையது என்பதால் மூலத்தைப் போலவே வயதேறி வெடிப்பு விட்டிருந்தது. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் எல்லாப் படலங்களையும் ஒன்றாகச் சேர்த்தே காட்டும். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பிரித்துச் சொல்லாது. ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்த கருவியோ பரப்பு முழுவதும் நகர்ந்து சென்று, ஈயம் எங்கே, செம்பு எங்கே, பாதரசம் எங்கே என்று தனிமத்துக்கு ஒரு வரைபடமாகத் தந்தது. அந்த வரைபடங்கள் கண்ணுக்குத் தெரியும் உருவத்தோடு பொருந்தாத இடங்களில் எல்லாம் அடியில் வேறொன்று இருந்தது.

மேற்பூச்சு பூசியவர்களைக் கயவர்களாக நினைத்துவிட வேண்டாம். 1550-இல் யான் வான் ஸ்கோரல், லான்ஸ்லாட் பிளொண்டேல் என்ற இரு ஓவியர்கள் இந்த ஓவியத்தைச் செப்பனிட்டதாகவும், பல இடங்களில் அதை முத்தமிட்டு முத்தமிட்டு வேலை செய்ததாகவும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்த கென்ட் நகர வரலாற்றாளர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நீக்கப்பட்ட மேற்பூச்சில் எது யாருடைய கை என்பது வேறு வழக்கு. ஆனால் அன்பு மிகுந்தவர்களும் மேலே தீட்டியிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சைப் பேசவேண்டும்.

நீக்கிய பிறகு வெளிவந்தவற்றில் எனக்குப் பிடித்தது பெரிய உருவம் எதுவுமன்று. காணிக்கை தந்த யோஸ் வெய்ட், அவர் மனைவி எலிசபெத் போர்லூட் ஆகியோர் முழந்தாளிட்டிருக்கும் கல் மாடங்களின் மூலையில் சிலந்திவலை தெரிந்தது. வான் ஐக் தீட்டிய சிலந்திவலை! அதைப் பின்னால் வந்த யாரோ ஒருவர் ஒட்டடை அடிப்பதுபோல ஒரே பூச்சில் மூடியிருக்கிறார்.

செம்மறியின் முகத்தைக் கெடுத்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் கேலிப்படங்கள் சுற்றினவே! மனித முகம்போல் ஆகிவிட்டதாமே?
— நாகர்கோவில் கல்லூரி மாணவி

ஆகிவிடவில்லை, அப்படித்தான் இருந்தது.

நீங்கள் பார்த்த பழைய படத்திலிருந்த செம்மறிக்கு, கூர்ந்து நோக்கினால் நான்கு காதுகள் உண்டு. 1950-51-இல் வேலை செய்தவர்கள் தலையைச் சுற்றியிருந்த பின்னாள் பச்சைப் பூச்சை நீக்கியபோது வான் ஐக் தீட்டிய மூலக் காதுகள் வெளிவந்தன. மேற்பூச்சின் காதுகளும் அப்படியே நின்றன. அதற்குமேல் போகாமல் அன்று நிறுத்திக்கொண்டார்கள். சற்றேறக்குறைய எழுபது ஆண்டுகள் நான்கு காதுள்ள ஒரு விலங்கை உலகம் பக்தியோடு பார்த்துவந்தது. யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை.

வெளிப்பக்கங்களுக்குப் பிறகு, உள்பக்கக் கீழ்வரிசையைச் சீரமைத்த இரண்டாம் கட்டத்தில் மேற்பூச்சு முழுவதும் நீங்கியபோது, சிறிய நெற்றி, இளஞ்சிவப்பு உதடுகள், நம்மை நேருக்கு நேர் நோக்கும் இரு கண்கள் என்று வேறொரு முகம் வந்தது. இயற்கையில் ஆட்டின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். பலிபீடத்தில் நிற்பதோ ஆட்டின் வடிவில் கிறிஸ்து. தமக்காகக் குருதி சிந்துபவர் தம்மைப் பார்க்கிறார் என்று முழந்தாளிட்டவர் உணரவேண்டும் என்பதற்காகவே வான் ஐக் கண்களை முன்னால் கொண்டுவந்தார் என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. அடுத்த நூற்றாண்டில் வந்தவர்களுக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை; சாதுவான ஆடாக்கிவிட்டார்கள். 2020 சனவரியில் பலகை ஆலயத்துக்குத் திரும்பியபோது நம் காலத்தவர்க்கும் அது பொறுக்கவில்லை, கேலிப்படமாக்கிவிட்டார்கள். திரைப்பட நடிகர்களின் முகத்தோடு ஒப்பிட்டெல்லாம் படம் போட்டார்கள். இரண்டு எதிர்வினைகளும் ஒரே அசௌகரியத்திலிருந்து பிறந்தவை.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த முகம் அங்குலம் அங்குலமாக வெளிவந்தது மக்கள் பார்த்துக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்களிடமிருந்து கூச்சல் எழவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே ஒட்டிக் கைப்பேசியில் பார்த்தவர்களிடமிருந்துதான் எழுந்தது.

தலைமுறை தலைமுறையாக மக்கள் எந்த முகத்தைப் பார்த்து வேண்டினார்களோ அதைச் சுரண்டி எறிய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மேற்பூச்சும் வரலாறுதானே? நம் தஞ்சைப் பெரிய கோயிலில் இப்படிச் செய்ய விடுவோமா?
— கும்பகோணம் வாசகர், ஓய்வுபெற்ற ஸ்தபதி

வந்தவற்றில் என்னை அதிகநேரம் உட்கார வைத்த கடிதம் இது. ஐயா, தஞ்சையை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று; இரண்டையும் அருகில் வைத்தால்தான் கென்ட் வேலையின் கடுமை புலப்படும்.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அங்கேயும் ஒரு காலத்தவர் இன்னொரு காலத்தவரின்மேல் தீட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே நாயக்கர் ஓவியத்துக்குத் தனியாகச் சுண்ணாம்புச் சாந்துப் படலம் உண்டு. ஆகவே தொல்லியல் துறையின் வேதியியலாளர்களால் சில பகுதிகளில் மேல் படலத்தைச் சாந்தோடு உரித்தெடுத்து, வேறு பலகையில் பதித்துக் காக்க முடிந்தது. சோழனும் கிடைத்தான், நாயக்கனும் பிழைத்தான்.

கென்ட்டில் அந்த வழி இல்லை. எண்ணெய் வண்ணத்தின்மேல் நேராக எண்ணெய் வண்ணம்; நடுவே மெல்லிய பழைய வார்னிஷ் மட்டும். மேலே இருப்பதைக் கரைப்பானால் இளக்கிக் கத்தியால் சுரண்டினால் அது தூளாகத்தான் வரும். நான் பார்த்த அந்தப் பழுப்புப் பஞ்சில் இருந்தது அழுக்கு மட்டுமல்லாமல் யாரோ ஒருவரின் கைவேலையாகவும் இருந்திருக்கலாம். இன்று அது புகைப்படங்களிலும் ஆய்வுப் பதிவுகளிலும்தான் இருக்கிறது.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். முடிவைக் கத்தி பிடித்தவர்கள் தனியே எடுக்கவில்லை. பல நாட்டு வல்லுநர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு முன்னால் சான்றுகள் வைக்கப்பட்டன. அடியிலுள்ள மூல வண்ணம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, அதைக் காயப்படுத்தாமல் மேலதை நீக்க முடியும் என்று சிறு சிறு இடங்களில் சோதித்துக் காட்டிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. கூடுதல் பணமும் காலமும் கேட்டுப் பெற்றார்கள். ஐந்தாண்டு என்று தொடங்கியது பத்தாண்டைக் கடந்தது அதனால்தான். இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. கண்ணாடிக்குள் நடப்பதைத்தான் மக்கள் பார்த்தார்கள். திரும்பப்பெற முடியாத அந்தப் பெரிய முடிவு எடுக்கப்பட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர் கிடையாது. பொதுமக்கள் பார்வையில் நடந்த வேலை என்று பெருமையாகச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அப்படியிருந்தும் என் வாக்கு நீக்கியவர்கள் பக்கமே. மேற்பூச்சு தனக்கென ஒரு புதிய காட்சியைப் படைத்திருந்தால், நாயக்கர் ஓவியத்தைப்போல் தன் காலத்துக் கதையைச் சொல்லியிருந்தால், தொடாதே என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இங்கே அது செய்ததெல்லாம் அடியிலிருந்ததையே சற்று மந்தமாகத் திருப்பிச் சொன்னதுதான். ஸ்தபதியாகிய உங்களுக்குத் தெரியாததன்று: திருப்பணி என்ற பெயரில் எத்தனை சுதைச் சிற்பங்களின் கண்ணும் விரலும் எனாமல் வண்ணத்தில் மூழ்கியிருக்கின்றன! அந்த எனாமலைப் பார்த்தே வேண்டிக்கொண்ட தலைமுறையும் ஒன்று வளர்ந்துவிட்டது. அதற்காக எனாமலை விட்டுவைக்கச் சொல்வீர்களா?

ஸ்பெயினில் ஒரு மூதாட்டி இயேசுவின் படத்தைச் சரிசெய்யப்போய்க் குரங்குபோல் ஆக்கிவிட்டாரே, அதுவும் கென்ட்டில் வேலை தொடங்கிய அதே ஆண்டுதானே?
— புதுச்சேரி வாசகர்

ஆம், 2012 ஆகஸ்டில் போர்ஹா என்ற சிற்றூரில் நடந்தது. கென்ட்டில் வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால். அது ஆலயச் சுவரில் இருந்த, நூறாண்டுகூட ஆகாத சிறிய ஓவியம். அந்த அம்மையாருக்குப் பக்தியில் குறைவில்லை. சுவரின் ஈரத்தில் உதிர்ந்த படத்தைப் பார்க்கப் பொறுக்காமல் தூரிகையை எடுத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், முத்தமிட்டு வேலை செய்த 1550-ஐயும் நினைத்துக்கொள்ளட்டும்.

வண்ணம் முற்றிலும் உதிர்ந்துபோன இடத்தை என்ன செய்வார்கள்? இவர்களும் புதிதாகத் தீட்டத்தானே வேண்டும்?
— ஈரோடு வாசகி

தீட்டுகிறார்கள். ஆனால் இழப்பு உள்ள புள்ளிக்குள் மட்டும். அக்கம்பக்கத்து மூல வண்ணத்தின்மேல் ஒரு மயிரிழையும் ஏறாமல். முதலில் ஒரு வார்னிஷ் படலத்தைப் பூசி, அதற்கு மேலேதான் புதிய வண்ணத்தை இடுகிறார்கள். நாளை வேறொருவர் வந்து இவர்கள் இட்டதை நீக்க விரும்பினால், மூலத்துக்குத் தீங்கின்றி எளிதாகக் கரையும் வண்ணமாகவே அதைத் தேர்கிறார்கள். தம் கைவேலை அழிக்கப்படலாம் என்று ஏற்றுக்கொண்டு தீட்டுவது இந்தத் தொழிலின் தனித்தன்மை.

பலகையே போய்விட்டால்? அதற்கும் கென்ட்டில் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1934 ஏப்ரலில் ஆலயத்திலிருந்து இரண்டு பலகைகள் திருடுபோயின. பத்து இலட்சம் பெல்ஜிய பிராங்கு கேட்டு மிரட்டல் கடிதம் வந்தது. ஒரு பலகை திரும்பியது. ‘நீதியுள்ள நடுவர்கள்’ என்ற மற்றொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் யெஃப் வான் டெர் வெக்கன் தீட்டிய நகல் நிற்கிறது. அதை யாரும் வான் ஐக் என்று சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு மகனைப் பார்க்க ஐரோப்பா போகிறேன். இப்போது போனால் இந்த வேலையைப் பார்க்க முடியுமா?
— திருநெல்வேலி வாசகர்

உள்பக்க மேல்வரிசையின் வேலை 2023-இல் தொடங்கியது. நீங்கள் போகும் மாதத்தில் எந்தப் பலகை எங்கே இருக்கும் என்பதை அருங்காட்சியகத்தில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். முடிந்த பலகைகள் தூய பாவோ பேராலயத்தில், தட்பவெப்பம் கட்டுப்படுத்திய பெரிய கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. முதலில் அங்கே போய், சீரமைத்த செம்மறியையும் புல்வெளியையும் கண்ணாரப் பார்த்துவிட்டு, பிறகு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், நடக்கக்கூடிய தூரம்தான். முடிந்த வேலையைப் பார்த்த கண்ணுக்குத்தான் முடியாத வேலை விளங்கும்.

சனி, ஞாயிறுகளில் மட்டும் போய்விடாதீர்கள். சீரமைப்பாளர்களுக்கு வாரநாளில்தான் வேலை. விடுமுறை நாளில் கண்ணாடிக்கு அப்பால் வெறும் முக்காலியும் நுண்ணோக்கியும்தான் இருக்கும்.